உரை முடிந்த பிறகு எழும் கேள்வி



அரியலூர் மாவட்டத்துத் தா.பழூரில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகங்களின் வளிமண்டல, விண்வெளி அறிவியல் துறைகளில் நடக்கும் கருத்தரங்குகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "தா.பழூர்லயா ஐயா?" என்று கேட்டார்கள். தா.பழூரில்தான் பேச வேண்டும் என்றேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம்.

இந்தத் துறைகளில் கருத்தரங்கு என்றால் இரண்டு வகை உண்டு. மார்ச் 23 உலக வானிலை நாள், ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் என்று நாள் குறித்து, பதாகை கட்டி நடப்பவை ஒரு வகை. மாணவர்கள் உற்சாகமாக வருவார்கள், அதுவும் வேண்டும். ஆனால் நான் பேச வந்தது வாரந்தோறும் நடக்கும் சிறிய கருத்தரங்கைப் பற்றி. ஒரு சிறிய அறை. இருபது, முப்பது நாற்காலி. ஆய்வு மாணவர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசுவார். அதற்குப் பின் இருபது நிமிடம் கேள்விகள். தேநீர். அவ்வளவுதான். அந்த இருபது நிமிடத்தில்தான் இந்த அறிவியல் வளர்ந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஆற்றுப் பாசனப் பகுதியில் ஓர் ஊரின் முப்பது ஆண்டு மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு முதன்முறையாகக் கருத்தரங்கில் பேசினேன். அந்த ஊரில் மழை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். கோடு அழகாகச் சரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வானிலைப் பதிவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டங்கள் ஏதும் இல்லாதவர். "தம்பி, அந்த மழைமானிக்குப் பக்கத்துல மரம் இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த ஊருக்கு நான் போனதே இல்லை.

அடுத்த வாரம் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். மழைமானிக்கு எட்டடி தள்ளி ஒரு வேப்பமரம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கன்றாக இருந்தது, இப்போது அந்த வளாகத்துக்கே நிழல் தருகிறது. பக்கத்தில் இருக்கும் எந்தப் பொருளும் தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்குத் தொலைவாவது மழைமானியைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. வானத்திலிருந்து வந்த மழை குறையவில்லை. வேப்பமரம் வளர்ந்திருந்தது. என் வரைபடத்தில் சரிந்த கோடு ஒரு மரத்தின் வளர்ச்சிக் கோடு. அந்தப் பெரியவர் கேட்காமல் போயிருந்தால் அது என் பெயரோடு அச்சேறியிருக்கும்.

அன்றைக்கு அந்த அறையில் பேராசிரியர்கள் இருந்தார்கள், கணிப்பொறி இருந்தது, புள்ளியியல் சூத்திரங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் தேவைப்பட்டது மழைமானியின் அருகில் காலையில் நின்று பழகிய ஒருவருடைய கேள்வி.

தமிழ்நாட்டில் வானத்தை அளந்த வரலாறே ஒரு கேள்வியில் திரும்பியது என்று சொல்லலாம். தாது வருஷப் பஞ்சத்தை உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876, 1877 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. இலட்சக்கணக்கானவர்கள் பசியிலும் கொள்ளைநோயிலும் மாண்டார்கள். இந்தப் பஞ்சம் எப்போது வரும் என்று முன்கூட்டியே அறிய முடியாதா என்ற கேள்வி எழுந்தது. அந்நாளில் சென்னையில் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. 1792-இல் கட்டப்பட்டது. நட்சத்திரங்களோடு மழையையும் அங்கே குறித்து வைத்தார்கள். சென்னையின் அந்த நீண்ட மழைக் கணக்கை எடுத்து, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள் ஹண்டர் என்ற அதிகாரியும் லாக்கியர் என்ற வானியலாளரும். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. புள்ளி குறையும் காலத்தில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று 1877-இல் எழுதினார்கள்.

சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. இலண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு 1893-இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைக்க முடிவு செய்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த மிக்கி ஸ்மித் அதன் பொறுப்பை ஏற்றார். 1901-இல் அங்கே சூரியனை நோக்கும் பணி தொடங்கியது. 1909 ஜனவரியில் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை அங்கே கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் பஞ்சத்துக்கான விடை சூரியனில் இல்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று ஒரு பெரிய ஏற்றத்தாழ்வைக் கண்டார். அதுதான் பின்னாளில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படும் தெற்கு அலைவு. தாது வருஷப் பஞ்சக் காலத்தில் பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ இருந்தது என்று இன்றைக்குத் தெரியும். நம்மூர்ப் பஞ்சத்தின் வேர் தென்னமெரிக்கக் கரைக்கு அப்பால் சூடேறிய கடலில் இருந்தது.

ஊகம் பிழை. ஆனால் கேள்வி சரி. அந்தக் கேள்வி ஒரு மலைமேல் ஆய்வகத்தைக் கட்டியது, சூரியனைப் பற்றி நூறாண்டுக்கும் மேலான பதிவுகளைத் தந்தது, கடைசியில் தன் விடையையும் வேறு வழியில் தேடிக்கொண்டது. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தவர்கள் யார்? மழையில்லாமல் செத்தவர்கள். எந்தக் கருத்தரங்கிலும் அவர்கள் உட்கார்ந்ததில்லை.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த கே.ஆர். இராமநாதன் அவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர் சி.வி. இராமனோடு கல்கத்தாவில் ஆய்வு செய்தவர், பிறகு வானிலைத் துறைக்கு வந்தவர். பலூன்களில் வெப்பமானியைக் கட்டி மேலே விட்டுக் கிடைத்த அளவீடுகளைத் தொகுத்து 1929-இல் ஒரு செய்தி சொன்னார். பூமியைச் சூழ்ந்த காற்றின் கீழடுக்கில் மிகக் குளிர்ந்த இடம் துருவத்தின் மேல் இல்லை. நம் வெப்பமண்டலத்தின் தலைக்கு மேலே, ஏறக்குறைய 17 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் மண் கொதிக்கும் தா.பழூருக்கு நேர் மேலே, சுழியத்துக்குக் கீழே 80 டிகிரி. சித்திரையில் பிற்பகலில் எழும்பும் இடிமேகம் பட்டடைக்கல் போல மேலே தட்டையாக விரிகிறதே, அது அந்தக் குளிர்ந்த கூரையில் போய் முட்டித்தான் விரிகிறது. 1947-இல் விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் தொடங்கிய இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இராமநாதனே முதல் இயக்குநர்.

அதே மாநிலக் கல்லூரியில் படித்தவர் அன்னா மணி. 1918-இல் பீருமேட்டில் பிறந்தவர். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தபோது அங்கே வானிலை நோக்ககத்தை அமைத்தவரும் அவர்தான். பணி ஓய்வுக்குப் பிறகும் காற்றின் வேகத்தை இடம் இடமாக அளக்கச் செய்தார். நாட்டில் காற்றாலை எங்கே வைக்கலாம் என்று அறிய அந்த அளவீடுகள் உதவின. இங்கே இருக்கும் மாணவிகள் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறான அளவீடு இருப்பதைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்ற கண்டிப்போடு வேலை செய்தவர். என் வேப்பமரக் கதையைக் கேட்டிருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

இனி உங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 23 விடியற்காலை. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம். கனமழையில் பெருகிய வெள்ளம் பாலத்தின் கரையை அரித்திருந்தது. தூத்துக்குடி விரைவு ரயில் அதன்மேல் வந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பதவி விலகிய செய்தியை நாடு நினைவில் வைத்திருக்கிறது. மழையை யாரும் நினைப்பதில்லை. அந்த இரவில் அந்த ஆற்றின் தலைமாட்டில் எவ்வளவு மழை பெய்துகொண்டிருக்கிறது என்று ரயில் நிலையத்தில் இருந்தவருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அப்போது வானத்தில் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. முதல் ஸ்புட்னிக் அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் ஏறியது. முதல் வானிலைச் செயற்கைக்கோள் 1960-இல்.

இன்றைக்கு இன்சாட் 3டி வரிசைச் செயற்கைக்கோள்கள் அரைமணிக்கு ஒருமுறை மேகப் படம் அனுப்புகின்றன. காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறது; இங்கிருந்து 100 கி.மீ.-க்குள்தான். அதே காரைக்காலில் இருந்து வானிலை பலூனும் பறக்கிறது. பலூன் முப்பது கி.மீ. உயரம் வரை போய் வெடிக்கும். அதில் கட்டிய தெர்மாகோல் பெட்டி எங்காவது வயலில் விழும். மர்மப் பெட்டி என்று ஊரே கூடிக் காவல்துறையை அழைத்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். எனக்கு அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அந்தப் பெட்டி நம் வயலுக்கு மேலே இருக்கும் காற்றை அளந்துவிட்டு, நம் வயலிலேயே விழுந்து கிடக்கிறது. அது என்ன என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது யார் குற்றம் என்று கேட்டால், எங்களைப் போன்றவர்களின் குற்றம் என்றுதான் சொல்வேன். ஆய்வு மாணவர் ஒருவர் முனைவர் பட்டம் பெறும் முன் நம் பல்கலைக்கழகங்களில் பொது வாய்மொழித் தேர்வு நடக்கிறது. பெயரே 'பொது'. யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம், கேள்வியும் கேட்கலாம். சுற்றறிக்கையிலும் அனைவரும் வருக என்றுதான் அச்சிடுகிறார்கள். நான் எத்தனையோ வாய்மொழித் தேர்வுகளில் இருந்திருக்கிறேன். மழையைப் பற்றி, புயலைப் பற்றி, வறட்சியைப் பற்றி ஆய்வுரைகள். ஒன்றிலாவது ஒரு விவசாயி வந்து அமர்ந்ததை நான் கண்டதில்லை. வந்திருந்தாலும், பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்திருக்கும்.

தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். வெப்பச்சலனம் என்ற சொல்லை வானொலியும் தொலைக்காட்சியும் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்துவிட்டன. டீக்கடையில் 'தாழ்வு மண்டலம் உருவாகியிருக்குதாம்' என்று பேசிக்கொள்கிறோம். நம் பக்கத்தில் மழையை அளக்கும் முறையே தனி. மழை விட்டதும் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார் என் தகப்பனார். உழவுக்குப் போதுமா, விதைக்கலாமா என்பது அதில் தெரிந்துவிடும். மழைமானி காட்டுவது விழுந்த மழை. மண்வெட்டி காட்டுவது மண்ணில் தங்கிய மழை. இரண்டும் வேறு. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் 40,000 லிட்டர் தண்ணீர். அதில் எத்தனை லிட்டர் வேருக்குப் போனது என்பதை இன்றைக்கும் செயற்கைக்கோளால் மேலோட்டமாகத்தான் சொல்ல முடிகிறது. மண்ணின் ஈரத்தைப் பற்றிய கருத்தரங்கில் என் தகப்பனார் பேசத் தகுதியானவர் என்று நான் நம்புகிறேன். அவரை யாரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

நம் நாட்டுக் கருத்தரங்குகளில் பெரும்பாலும் பேசப்படுவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை. நாட்டின் பெரும்பகுதிக்கு அதுதான் வாழ்வு என்பதால் அது இயல்பு. தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் வருகிறது. அந்த வடகிழக்குப் பருவமழையின் மனதைப் படிப்பது இன்னும் கடினமாக இருக்கிறது. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குறையக்கூடும். ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கூடுதலாக இருப்பதே வழக்கம். 2015-இல் சென்னை மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். அது எல் நினோ ஆண்டு. மறு ஆண்டு 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோனது. கொள்ளிடக் கரையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள்கூட அந்த ஆண்டை மறக்க மாட்டார்கள். அப்போது பசிபிக்கில் இலேசான லா நினா, அதாவது எல் நினோவுக்கு நேர்மாறாகக் கடல் குளிரும் நிலை. சரி, லா நினா என்றால் நமக்கு மழை இல்லை என்று விதி எழுதிவிடலாமா? 2021-இலும் லா நினா. அந்த ஆண்டு நமக்கு இயல்பைவிடப் பாதிக்கும் மேல் அதிகமாகக் கொட்டித் தீர்த்தது.

விதி மீறும் இடத்தில்தான் ஆய்வுக்கு வேலை இருக்கிறது. மழையும் மண்ணும் மாறும் எல்லைகளில் ஒன்றில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். தெற்கே கொள்ளிடம், நெல். வடக்கே ஏறினால் செம்மண், முந்திரி, கடலை, பருத்தி, மக்காச்சோளம். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வரும்போது இங்கே வானத்தில் மேகமே இல்லாமல் ஆற்றில் வெள்ளம் ஓடும். அதே நாளில் நான்கு கி.மீ. வடக்கே கடலைச் செடி வாடிக் கிடக்கும். ஒரே ஒன்றியத்துக்கு ஒரே முன்னறிவிப்பு போதாது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பருவமழையை ஆராய்ந்த சுலோசனா காட்கில் அவர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார். கர்நாடகத்தின் பாவகடா வட்டாரத்தில் மானாவாரிக் கடலை பயிரிடுவோரோடு உட்கார்ந்து பேசினார். மழை எத்தனை மி.மீ. என்பது அவர்கள் கேள்வியாக இருக்கவில்லை. எந்த வாரத்தில் விதைத்தால் காய் பிடிக்கும் நேரத்தில் மண் காயாது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து நீண்ட கால மழைப் பதிவோடும் பயிர் வளர்ச்சிக் கணக்கோடும் வைத்து ஆராய்ந்தார். உலகம் மதிக்கும் பருவமழை அறிஞர் ஒருவர் ஆய்வுக்கேற்ற கேள்வியை ஒரு கடலைக் காட்டிலிருந்து எடுத்தார். நம் செம்மண்ணில் கடலை போடுபவர்களுக்கும் அதே கேள்விதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்கும், சாத்தனூர்க் கல்மரத்துக்கும் ஆண்டுதோறும் புவியியல் மாணவர்கள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கான சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பார்க்கிறார்கள். வரட்டும், நல்லது. அந்தச் சிப்பிகளின் ஓட்டில் இருக்கும் ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை அளந்தால் அன்றைய கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்றே கணக்கிடலாம். ஆனால் வளிமண்டல அறிவியல் மாணவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. கல்லைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. மழையைப் பார்க்க வருகிறவர்கள் இல்லை.

ஆகவே இந்த அறக்கட்டளையின் முன்பும், இங்கே வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்கள் முன்பும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், வாராந்திரக் கருத்தரங்கு ஒன்றே ஒன்று பல்கலைக்கழகத்தில் நடக்காமல் இங்கே நடக்கட்டும். தமிழில் நடக்கட்டும். ஆய்வு மாணவர் ஒருவர் நாற்பது நிமிடத்துக்குப் பதிலாக இருபது நிமிடம் பேசட்டும். மீதி நாற்பது நிமிடம் உங்களுடையது. சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. அவர்களும் கைகொடுப்பார்கள் என்று நம்புகிறேன். பொங்கல் முடிந்ததும் அதே மாணவர் திரும்பி வந்து, தான் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இதே மக்கள் முன் சொல்லட்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்பதைவிடக் கடினமான கேள்விகள் அன்றைக்கு வரும்.

கடினமான கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். போன தை மாதம் ஜெயங்கொண்டம் போகும் வழியில் ஒரு முந்திரிக் காட்டில் நின்றேன். மரம் நிறையப் பூ. அதில் பாதி கருகியிருந்தது. தோப்பு வைத்திருந்த அம்மா சொன்னார்: "பனி இறங்கினா பூ கருகிடுது தம்பி. எல்லா ராத்திரியும் கருகறதில்ல. எந்த ராத்திரி கருகும்னு முதல் நாள் சொல்வீங்களா?"

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். இரவில் வானம் தெளிந்து காற்று அசையாமல் இருந்தால் தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிரும், பனித்துளி கட்டும், மூடுபனி இறங்கும். அந்த ஈரத்தில் பூச்சியும் பூஞ்சாணமும் பெருகும். இது பாடநூலில் இருக்கிறது. ஆனால் பூவில் ஈரம் எத்தனை மணி நேரம் நின்றது, கிளையின் உயரத்தில் வெப்பம் எவ்வளவு இறங்கியது, இதெல்லாம் இந்தப் பக்கத்து முந்திரிக் காட்டில் யாரும் அளந்ததாக எனக்குத் தெரியவில்லை. நானும் அளக்கவில்லை. நண்பர்களான ஆய்வாளர்களிடம் இந்தக் கேள்வியை ஒரு கருத்தரங்கில் வைத்தேன். அறை முழுவதும் பேசாமல் இருந்தது. பிறகு ஓர் இளம் மாணவி, "அளவீடு இல்லாம எப்படி ஐயா சொல்றது?" என்றார்.

அந்த மாணவி இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். வரும் மார்கழியில் அந்த அம்மாவின் தோப்பில் இரண்டு வெப்பமானிகளை வைக்கப்போகிறார். தோப்புக்காரரே காலையில் குறித்து வைக்கச் சம்மதித்திருக்கிறார். ஒன்று வானிலை நிலையங்களில் வைப்பதுபோல் தரையிலிருந்து நான்கடி உயரத்தில். இன்னொன்று முந்திரி பூக்கும் கிளையின் உயரத்தில்.